சாயம் போன அருவி

நம் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு கோட்டி உண்டு. கோட்டி என்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறுக்கு. நிஜமாகவே மனம் கலங்கியவர்களைச் சொல்லவில்லை, பாவம், அவர்கள் கதை வேறு. கொஞ்சம் மாற்றி யோசித்தவர்களைச் சொல்கிறேன். கல்யாணமே வேண்டாம் என்று நின்ற பெரியம்மா, பூனைக்கு முதலில் சோறு வைத்துவிட்டுத் தான் சாப்பிடும் மாமா, இப்படி யாராவது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் அவர்களை மட்டும் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார். எவ்வளவு யோசித்தும் யாரும் நினைவுக்கு வரவில்லை என்றால், அது நீங்களாகவே இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அது என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. சிவகிரியில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்து, போர்வை அகலத்துக்குப் படம் செய்வாள். மரம், குளம், வண்டிமாடு, சந்தை, எல்லாம் துணியிலேயே. இப்போது என் பேத்தி அதை ‘க்வில்ட்’ என்கிறாள். சுவரில் மாட்டி விளக்குப் போட்டுக் காட்டுகிறார்களாம், பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத வேலையை ஒரு பெண்பிள்ளை மெனக்கெட்டுச் செய்தால் அதற்குக் கோட்டித்தனம் என்றுதான் பெயர்.

அதிலும் ஒட்டுப்போட்ட போர்வை என்பது இல்லாதப்பட்டவர்கள் வீட்டுச் சாமான். வசதியான வீட்டு மருமகள் அதைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஊர் என்ன பேசும்? ஆனாலும் பழைய துணியோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். சித்தி நிற்கவில்லை. முதலில் அவள் மாமனாரின் நேரியலில், அதுதான் தோளில் போட்டுக்கொள்வார்களே அதில், ஜரிகைக் கரையைக் காணோம். பிறகு ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் சித்தியின் கூறைப்பட்டில் பாதியைக் காணோம். தாலி கட்டும்போது உடுத்திய சேலை அது. அதை வெட்டுவது புருஷன் ஆயுளை வெட்டுவது என்று நம்பிய காலம். போதாக்குறைக்கு அடுத்த வாரமே சித்தப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். பேயோட்டுகிற கோடாங்கி வந்தான், உடுக்கை அடித்தான், திருநீறு போட்டான். சித்தி தும்மினாள், அவ்வளவுதான்.

பிறகுதான் குற்றாலம் என்று முடிவானது. சீசன் முழுக்க அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் எந்தக் கோட்டியும் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் சாரலை அனுபவிக்க வருவார்கள். எங்கள் ஆட்கள் தலை சரியில்லாத சொந்தங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சித்தியின் மாமனாரே தென்காசிக்கு வந்து அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வாசல் நிறைய நிற்கிற ஆள். உட்காரக்கூட இல்லை.

“ஆடி முடியட்டும். நானே வந்து பாப்பேன். தெளிஞ்சிருந்தா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா எம் மவனுக்கு வேற வழி பாக்கணும். கத்திரி, ஊசி ஒண்ணும் அவ கண்ணுல படக்கூடாது, ஆமா.”

வேற வழி என்றால் என்ன என்று எனக்கே புரிந்தது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. சித்தப்பா பின்னால் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். ஆனால் அப்பாவுக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாத நல்ல மனுஷர்.

அப்பா தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தார். யாரையோ பிடித்துக் குற்றாலத்தில் ஓட்டு வீடு ஒன்றைச் சீசனுக்கு எடுத்தார். அம்மா, சித்தி, நான். எனக்கு அப்போதுதான் அம்மை இறங்கியிருந்ததால் பள்ளிக்கூடம் இல்லை. நயா பைசா வந்து, எல்லோரும் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அம்மா, “ஆடிக்கு தங்கச்சிய கூப்பிட்டுருக்கோம்” என்பாள். ஆடிக்குக் கூப்பிடுவது புதுப்பெண்ணை. சித்திக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயிருந்தன. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, சித்தியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வீட்டின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நல்லெண்ணெய், சீயக்காய், ஈரத் துணி, ஈரச் சுவர். துவைத்த துணி காயவே காயாது. அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போட்டால் புகை மணக்கும், வெளியில் போட்டால் கரும்புள்ளி பூக்கும். அம்மா சேலைத் தலைப்பில் தகரப்பெட்டிச் சாவியை முடிந்திருப்பாள். பெட்டிக்குள் கத்திரி, ஊசி, நூல்கண்டு, அப்பாவின் பழைய பிளேடு வரை பூட்டி வைத்திருந்தாள். அரிவாள்மனையைக்கூட வேலை முடிந்ததும் பரண்மேல் ஏற்றிவிடுவாள்.

காலையில் எண்ணெய். சித்தியை உட்காரவைத்து, உள்ளங்கை நிறைய ஊற்றி, உச்சந்தலையில் அம்மா தட்டுகிற தட்டு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

“தட்டுக்கா, நல்லாத் தட்டு. கோட்டி வெளிய வந்து விழுந்தா ஒனக்கே எடுத்துத் தாரேன்” என்பாள் சித்தி.

“வாய மூடுட்டி. ஒன் வாயாலதான் இம்புட்டும்.”

அப்புறம் பேரருவி. பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் சித்தியை உள்ளே தள்ளிவிட்டு, அம்மா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையோரம் நிற்பாள். சாரல் முகத்தில் அறையும். குளிரில் உதடு நடுங்கும். இருந்தும் நகர மாட்டாள். “இன்னும் செத்த நேரம் நில்லுட்டி! நடு மண்டைல விழட்டும்!” என்று கத்துவாள். சித்தியும் மறுபேச்சில்லாமல் நிற்பாள். வைத்தியத்துக்கு எவ்வளவு அடங்கிப் போகிறாள் என்று அம்மாவுக்கு ஒரே நிறைவு.

நான் பக்கத்தில் போய் நின்றபோதுதான் பார்த்தேன். அருவிக்குள் எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்க, சித்தி மட்டும் நெற்றிக்குக் கையைக் குடையாக வைத்து, கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி வெள்ளன்னு யாருட்டி சொன்னா? உள்ளுக்க நின்னு பாரு. ஒண்ணு பால் மாதிரி, ஒண்ணு சாம்பலு, அங்கன பாறைய ஒட்டி வருதே அது நீலம் போட்ட வேட்டி.”

நானும் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வெள்ளை என்பது ஒரே நிறமாக இருந்ததில்லை. அதற்கே சித்திக்கு நான் கடன்பட்டவள்.

சீசன் கூட்டத்தில் அருவி நிறையப் பேருடைய துணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். துண்டு, வேட்டி, ரவிக்கை, எல்லாம் சிற்றாற்றில் கொஞ்ச தூரம் போய்ப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கும். நானும் சித்தியும் திரும்பும்போது சித்தி அவற்றைப் பொறுக்கிக்கொள்வாள். காற்றில் கம்பி முறிந்து எறிந்துவிட்டுப் போன குடைகளையும் விடமாட்டாள். ஊரான் அழுக்கு என்று அம்மா திட்டுவாள், ஆனால் தூக்கி எறியவில்லை. “தரை துடைக்க ஆகும், அங்கன போடு” என்பாள். தரை துடைக்க அவ்வளவு துணி எதற்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஊசி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பாறையில் வழுக்கி விழுந்து என் பாவாடை கொசுவத்தோடு கிழிந்துவிட்டது. அம்மா அடுப்பில் வேலையாக இருந்தாள். முனகிக்கொண்டே பெட்டியைத் திறந்து ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் எடுத்துச் சித்தியிடம் கொடுத்தாள். சித்தி பாவாடையைத் தைத்துவிட்டு, ஊசியைக் காலண்டர் அட்டையில் குத்தி வைத்தாள். அம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா தென்காசி வீட்டுக்கு விளக்கேற்றப் போவாள். பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். போகும்போது என்னிடம், “சித்தி மேல ஒரு கண்ணு வச்சிக்கோ” என்பாள். வைத்துக்கொண்டேன். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணையும் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஊசி தொடக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் ஊசி ஓடியது.

பாய்க்கு அடியிலிருந்து அந்தப் போர்வை வெளியே வரும். அடியில் பழைய வேட்டிகள் இரண்டு மூன்றாக விரித்து, அதன்மேல் படம். பாறைக்குக் குடைத் துணி. நனைந்த பாறையின் மினுக்கம் அப்படியே அதில் இருந்தது. குரங்குகளுக்குக் காக்கி. எந்தப் போலீஸ்காரர் டிரவுசரைத் தண்ணீர் கொண்டுபோனதோ, அவர் நன்றாக இருக்கட்டும். காட்டுக்கு, சித்தி தன் துணிப்பெட்டியின் அடியில் மறைத்துக் கொண்டுவந்திருந்த கூறைப்பட்டுத் துண்டுகள், அத்தனையும் பச்சை.

“எதுக்கு சித்தி கூறைய வெட்டுன?” என்று கேட்டேன். இவ்வளவு கலவரத்திலும் அவளிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சித்தி யோசித்தாள். “மழ விட்டதும் மரத்துல ஒரு பச்ச வருமே, அந்தப் பச்ச வேற எதுலயும் கெடைக்கலட்டி. பெட்டிக்குள்ள கெடந்து அது என்ன செய்யப் போவுது?”

அருவிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ளை வெள்ளையாகத் தைத்து வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், பல்லால் நூலைக் கடித்துப் பிரிப்பாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் சொன்னால் கோபம் வந்துவிடும். “எங்கட்டி நல்லாருக்கு? தண்ணி விழல. தொங்குது.” சாப்பாட்டில்கூட அதே நினைப்பு. ரசத்தைக் கையால் அள்ளி ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையைத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோட்டி முற்றிவிட்டது என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன்.

கத்திரி இல்லாததால் ஒரு நாள் சித்தி வேட்டியைக் கையாலேயே கிழித்தாள். துணி சரசரவென்று நேராகக் கிழிந்தது. ஓரத்தில் இழைகள் பிரிந்து மெல்லிசாகப் பறந்தன. சித்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அருவி ஓரத்தில் காற்று அடித்துச் சிதறுமே, அந்தத் துவலை அது. அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். அதுவரை தைத்த வெள்ளையை எல்லாம் பிரித்துவிட்டு, கிழித்த துணியால் மறுபடி ஆரம்பித்தாள். பெரியவர் கத்திரியைப் பூட்டச் சொல்லியிராவிட்டால் அந்த அருவி விழுந்திருக்காது. அவருக்கும் ஒரு நன்றி சொல்லி வைக்கிறேன்.

அடித்துணி மெலிந்துபோனது. அருவிக்கரைப் பாதையில் துண்டும் கைலியும் விற்கிற கடையநல்லூர் பாய் ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலேயே தறி ஓடியது. சித்தி என்ன செய்கிறாள் என்று நான்தான் உளறியிருந்தேன். ஒரு நாள் விற்காமல் போன கைலி ஒன்றைக் கொண்டுவந்து சித்தி கையில் கொடுத்தார். நல்ல குங்குமச் சிவப்பு.

“தங்கச்சி, அடிக்குக் குடுங்க, நல்லாத் தாங்கும். ஆனா இந்தச் செவப்பு சாயம் விடும். நல்லா அலசிக் காயப்போட்டுட்டுத் தைங்க.”

அலசலாம். எங்கே காயப்போடுவது? அம்மா கண்ணில் படுமே. “நனைஞ்சாத்தானட்டி சாயம் போகும்” என்று சித்தி அப்படியே வைத்துத் தைத்துவிட்டாள். குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆடிச் சாரலில், நனைந்தால்தானே என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது போர்வையை விரித்தோம். பாறையோரம் ஒரு மூலையில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள். விரல் நீளம்தான் இருப்பாள். அரக்கு நிறச் சேலை. கையில் வெள்ளையாக ஒரு துணுக்கு. அரக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். நாங்கள் பொறுக்கிய துணியில் அந்த நிறமே கிடையாது.

“கெடச்சுது” என்றாள் சித்தி.

“யாரு சித்தி இது?”

“யாரோ காத்துக்கிட்டு நிக்கா.”

குளிக்கிற கூட்டத்தில் ஒருத்தி என்று விட்டுவிட்டேன்.

ஆடி முடியப்போகிற சமயம் சாரல் மழையாகி, ராத்திரி முழுக்கப் பெய்திருக்கிறது. காலையில் எழுந்தால் ஓடு ஒழுகிச் சித்தியின் பாய் மிதந்துகொண்டிருந்தது. பாயைத் தூக்கினாள். அடியிலிருந்த கைலி தன் சிவப்பை எல்லாம் மேலே அனுப்பியிருந்தது. வெள்ளை வேட்டி, நீல வெள்ளை, சாம்பல் வெள்ளை, எதுவும் மிச்சமில்லை. சாயம் தையல் வழியாக ஏறி, ஒவ்வொரு நூலையும் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. அருவி முழுக்கச் செம்மண் நிறத்தில் கோடு கோடாகக் கலங்கிக் கிடந்தது.

கோடாங்கி உடுக்கை அடித்தபோது அழாத சித்தி, ஊர் பார்த்த பார்வைக்கெல்லாம் அழாத சித்தி, அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். போர்வையையும் அவளையும் பார்த்தாள். இப்போது வீடே இரண்டாகப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. “எந்திட்டி. மொதல்ல கொடில போடு. கெடந்தா மக்கிரும்” என்றாள். இருவரும் சேர்ந்து தூக்கி, அறைக்குக் குறுக்கே கொடியில் விரித்துப் போட்டார்கள். தண்ணீர் சொட்டியது. தரையில் சிவப்பாக ஓடியது.

அப்போதுதான் வாசலில் பெரியவர் குரல் கேட்டது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே, தானும் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்று மகனோடு வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை, இடமும் இல்லை. குனிந்து நிலைப்படி தாண்டி உள்ளே வந்து நிமிர்ந்தவர் முகத்துக்கு நேரே அந்தப் போர்வை தொங்கியது.

சித்தி கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா மட்டும் நகர்ந்து போய்ப் போர்வையின் ஒரு மூலையை மறைத்தாற்போல் நின்றாள். இவ்வளவு பெரிய போர்வையில் அந்த ஒரு மூலையை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெரியவர் கிட்டப் போனார். மேலே சூரிய வெளிச்சத்துக்காகத் தைத்திருந்த ஜரிகையைத் தடவினார்.

“இது எந் நேரியல் கரையில்லா?”

“ஆமா மாமா” என்றாள் சித்தி. பொய் சொல்ல அப்போது அவளுக்கு வராது. அதுவும் அவள் கோட்டி என்பதற்கு ஒரு சாட்சி.

பெரியவர் பச்சையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து அருவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியது. உங்களில் நிலம் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாரல் தண்ணீர் அழகு, ஆனால் அதை நம்பி நாற்றுப் பாவ முடியாது. மேல்மலையில் கொட்டி, மண்ணைக் கரைத்துக்கொண்டு செக்கச்செவேலென்று இறங்குமே, அந்தத் தண்ணீர் வந்தால்தான் குளம் பெருகும். சிவகிரிப் பக்கம் குளங்கள் காய்ந்து கிடந்த சமயம். அந்த மனுஷர் காலையில் எழுந்ததும் மலையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தவர்.

“எம்மா, இது சாரத் தண்ணி இல்லையே. செந்தண்ணில்லா எறங்குது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நான் சின்னப் பையனா இருக்கையில எங்கய்யா தோள்ல ஒக்காந்து பாத்தது. அதுக்குப் பெறவு இப்பம்தான் பாக்கேன். நீ எப்பம் பிள்ள பாத்த இத?”

அம்மா சித்தியைப் பார்த்த பார்வையில், ‘ஏதாவது ஒரு நாளைச் சொல்லித் தொலை’ என்று எழுதியிருந்தது. சித்தி தலையை ஆட்டினாள்.

“பாக்கல மாமா. ராத்திரி வீடு ஒழுகிட்டு. அடில குடுத்த கைலிச் சாயம் ஏறிட்டு. வெள்ளையாத்தான் வச்சிருந்தேன்.”

முடிந்தது என்று நினைத்தேன். வெளியில் மழை இன்னும் விடவில்லை. பெரியவர் போர்வையின் நுனியைப் பிழிந்து, உள்ளங்கையில் ஏந்திய சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்.

“சாயம்னா என்ன பிள்ள. தண்ணி வந்துட்டுல்லா.”

அவ்வளவுதான். உட்கார்ந்து காப்பி கேட்டார். போகும்போது மகனிடம், “வண்டி பிடிச்சிட்டு வா, ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. அந்தப் படம் காஞ்சதும் மடிக்காம கொண்டாங்க” என்றார். சித்தப்பா அந்த மழையில் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

ஊரில் எல்லோரும் சொன்னார்கள், குற்றாலத் தண்ணீருக்கு அவ்வளவு சக்தி, ஒரே சீசனில் தெளிந்துவிட்டது என்று. எங்களைப் பார்த்து எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கோட்டிகளை அழைத்துப் போனார்களோ, தெரியாது. உண்மையில் தெளிந்தது சித்தி இல்லை. அவள் முன்னைவிட அதிகமாக வெட்டினாள். பெரியவரே பழைய வேட்டிகளை எடுத்துவைத்துக் கொடுப்பார், புதிதையும் பழையது என்று சொல்லி. சந்தையைத் தைத்தாள், குளத்துக்கு வருகிற வெளியூர்ப் பறவைகளைத் தைத்தாள், தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்குள் எங்கள் அப்பாவின் வழுக்கைத் தலையைத் தைத்தாள். எங்கள் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவள் படத்தில் புரண்டுதான் வளர்ந்தார்கள். அதில் மூத்திரம் போகாத பிள்ளை ஒன்றுகூட இல்லை, சித்தியும் கவலைப்பட்டதில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஆனி பிறந்ததும் சித்திக்கு லேசாகத் தலை சுற்ற ஆரம்பிக்கும். “என்னமோ மாதிரி இருக்கு மாமா, பழையபடி வந்திருமோன்னு பயமா இருக்கு” என்பாள். உடனே பெரியவர் வண்டி கட்டிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிடுவார். அம்மாவும் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பெருமூச்சு விட்டபடி மூட்டை கட்டுவாள். ஆடி முடியும்வரை அந்த ஓட்டு வீட்டில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கோட்டிக்கு அப்படி ஒரு சலுகை.

அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டாள். சுமங்கலியாகப் போனவளைக் கூறைப்பட்டு உடுத்தித்தான் அனுப்புவது எங்கள் வழக்கம். பெட்டியைத் திறந்து அம்மாவின் கூறையை எடுத்தோம். அரக்கு நிறம். பிரித்துப் பார்த்தால் உள்தலைப்பில், சேலையைச் சுற்றிச் செருகுகிற அந்த நுனியில், ஒரு சாண் இல்லை. கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எலி கடிச்சிருக்கும்” என்றார் ஒரு பெரியம்மா.

சித்தி அந்த நுனியைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் இழைகள் பிரிந்து மெல்லிசாக ஆடின.

“எலி இம்புட்டு நேராக் கடிக்குமா? எங்கக்கா கிழிச்சது. கத்திரியத்தான் பூட்டி வச்சிருந்தாளே” என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள். யாருக்கும் புரியவில்லை. இந்தத் துக்கத்தில் பழைய கோட்டி திரும்பிவிட்டது என்று ஒருத்தி என் காதருகே சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு சித்தி என்னிடம் சொன்னாள். அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்த அம்மா, நான் தூங்கிய பிறகு, இடுப்பிலிருந்து அந்தத் துண்டை எடுத்துச் சித்தி மடியில் போட்டிருக்கிறாள். தங்கை கூறையை வெட்டியதற்காகத் உச்சந்தலையில் அந்தத் தட்டுத் தட்டியவள், தாலி கட்டிய அன்று உடுத்திய தன் சேலையைக் கையால் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

“என்னையும் அதுல எங்கயாவது நிப்பாட்டுட்டி” என்று மட்டும் சொன்னாளாம்.

காலண்டரில் குத்தியிருந்த ஊசியை அம்மா மறக்கவில்லை என்பதும், வெள்ளிக்கிழமைகளில் அவ்வளவு நேரம் எதற்கு வெளியே இருந்தாள் என்பதும், பெரியவர் முன்னால் அந்த மூலையை ஏன் மறைத்து நின்றாள் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காவல்காரி என்று நான் நினைத்தவள் முழு நேரமும் எங்கள் பக்கம் இருந்திருக்கிறாள்.

சித்தியும் போய்விட்டாள். போர்வை என்னிடம் இருக்கிறது. வருஷா வருஷம் சாரல் ஆரம்பித்ததும் அதை எடுத்து விரித்துக் காற்றாட விடுகிறேன். செந்தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவே. பாறையோரம் அரக்குச் சேலை மட்டும் நிறம் மாறவில்லை. கையில் துண்டோடு அம்மா அங்கே நிற்கிறாள், தங்கை குளித்து முடித்து வரும்வரை.